ஒன்பது கட்டங்களும் ஒரு ராகு காலமும்

எனக்கு எழுபத்து மூன்று வயது. வளர்த்தது ஆறு பேரை. அதில் நான்கு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், இரண்டு பேர் என் நாத்தனாரின் பிள்ளைகள். ஆறு பேருக்கும் கல்யாணம் செய்து வைத்தேன். ஆறு கல்யாணத்துக்கும் சீர்த் தட்டு அலங்காரம் என் கைதான், வெளியாள் யாரும் தொடவில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். இந்த வயதில் பெருமையை ஒளித்து வைத்து யாருக்குக் கொடுக்கப் போகிறேன்?

பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை. தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கன்னடத்தில் பஸ் பலகையைப் பார்த்தால் எங்கே போகிற பஸ் என்று தெரியும். ஆங்கிலத்தில் எண்கள் மட்டும். அதனால் இதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி லேப்டாப்பில் அடிக்கிறாள். "நீ பேசுற மாதிரியே அடிக்கட்டுமா ஆயா?" என்று கேட்டாள். "புஸ்தகத்துல இருக்கிற மாதிரி அடி. அவங்கவங்க பேசுனதை மட்டும் பேசுன மாதிரியே வை" என்றேன். சரி என்று தலையாட்டினாள். எப்படி அடிக்கிறாள் என்பது கடைசியில்தான் தெரியும்.

நான் சொல்ல வந்தது இவளுடைய அம்மாவைப் பற்றி. என் மூன்றாவது மகள். நாங்கள் பொம்மனஹள்ளியில் ஒரே வீட்டில் இருக்கிறோம். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறார். வடக்கே போனால் எப்போது வருவார் என்று லாரிக்கே தெரியாது. மகள் பல வருடம் கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே சட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக்காரர் கல்யாணங்களுக்குத் தட்டு அலங்காரம் செய்து கொடுப்பாள். வெற்றிலையை அடுக்கி மயில் செய்வாள், தேங்காய்க்கு முகம் எழுதிப் பொண்ணு மாப்பிள்ளையாக உட்கார வைப்பாள், பட்டுப் புடவையை மடித்துத் தாமரையாக விரிப்பாள். என்னிடம் கற்றதுதான். ஆனால் என்னைவிட நன்றாகச் செய்கிறாள், அதைச் சொல்வதிலும் எனக்குப் பெருமைதான். கால் வீக்கம் அதிகமானதும் லீவு போட்டாள். லீவிலேயே, இனி இதையே தொழிலாகச் செய்தால் என்ன என்று யோசித்தாள்.

அதற்காகப் பேத்தி இணையத்தில் ஒரு பக்கம் செய்து கொடுத்தாள். தட்டுகளின் படங்கள், போன் நம்பர், அவ்வளவுதான். அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டேன். எங்கேயோ ஒரு பெரிய கம்ப்யூட்டர் இருக்கிறதாம். அதற்குள் எத்தனையோ பேருடைய பக்கங்கள் இருக்குமாம். ஆளுக்கு ஒரு மூலை வாடகைக்காம்.

"அப்படின்னா வட்டாரான்னு சொல்லு" என்றேன்.

பெங்களூரில் பழைய ஆட்களுக்கு வட்டாரா என்றால் தெரியும். தெருவில் ஒரே ஒரு கேட்டு. உள்ளே போனால் இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன வாடகை வீடுகள். நடுவில் ஒரு குழாய். முன்னால் வீட்டுக்காரர் வீடு. அடுகோடியில் லேத் பட்டறைகளுக்குப் பின்னால் அப்படி ஒரு வட்டாராவில்தான் நான் ஆறு பேரையும் வளர்த்தேன். என் பெண் இணையத்தில் குடியேறிய இடமும் அப்படித்தான் என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நமக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது சிவாஜிநகரில் ஜவுளி வியாபாரம் செய்கிற ஒரு குடும்பம் தேடி வந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா யார் கல்யாணத்திலோ எங்கள் தட்டுகளைப் பார்த்திருக்கிறார். கல்யாணத்துக்கு வேண்டிய மொத்தத் தட்டும் எங்களிடமே கொடுக்க அவருக்கு ஆசை. ஆனால் சம்பந்தியம்மாளுக்கும் பிடிக்க வேண்டும். அந்த அம்மா ஓசூரிலிருந்து வெள்ளிக்கிழமை காலை வருகிறார். இரண்டு பேரும் உட்கார்ந்து எங்கள் பக்கத்தில் புதுப் படங்களைப் பார்த்து அன்றைக்கே முடிவு செய்வார்கள். மறுநாள் சம்பந்தியம்மா வேறு ஊருக்குப் போகிறார்.

அதே நேரத்தில் கார்மெண்ட்ஸ் சூப்பர்வைசர் போன் செய்து, திங்கட்கிழமை வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தார். மகள் என்னிடம் சொன்னாள்: "இது கிடைச்சா தட்டு வேலை. கிடைக்கலன்னா திங்கட்கிழமை கார்மெண்ட்ஸ்ல கார்டு பஞ்ச் பண்ணப் போயிடுவேன். ரெண்டுல ஒண்ணும்மா. இனிமேலும் யோசிச்சுட்டே உட்கார முடியாது."

அவள் கணுக்காலைப் பார்த்தேன். 

வியாழக்கிழமை சாயங்காலம் பேத்தி புதுப் படங்களையெல்லாம் அவளுடைய லேப்டாப்பில் ஒரே மூட்டையாகக் கட்டி அந்தப் பெரிய கம்ப்யூட்டருக்கு அனுப்பி, அங்கே அவிழ்த்து வைத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் அவளுக்குப் பரீட்சை. போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நான் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். மகள் போனில் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பழைய படங்கள் எல்லாம் வந்தன. புதுப் படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சதுரங்கள். ஒன்றைத் தொட்டாள். வெள்ளையாக ஒரு பக்கம், நடுவில் ஆங்கிலம்.

"ஃபார்பிடன்னு வருதும்மா."

"அப்படின்னா?"

"பார்க்கக் கூடாதாம்."

"யாரு சொல்றது?"

"அந்தக் கம்ப்யூட்டர்தான்."

"நம்ம தட்டை நாமளே பார்க்கக் கூடாதா? நல்ல கூத்தா இருக்கே!"

மகள் லேப்டாப்பைத் திறந்து, பேத்தி சொல்லிக் கொடுத்திருந்தபடி உள்ளே போய்ப் பார்த்தாள். படங்கள் எல்லாம் பத்திரமாக அங்கேயே இருந்தன. ஒரு படத்தின் மேல் அழுத்தி, பர்மிஷன் என்று இருந்த இடத்தைத் திறந்தாள். சின்னதாக ஒன்பது கட்டங்கள் வந்தன. நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மேல் வரிசை நமக்கு. நடு வரிசை நம்மைச் சேர்ந்த கூட்டத்துக்கு. கீழ் வரிசை ஊர் உலகத்துக்கு. ஒவ்வொரு வரிசையிலும் மூன்று கட்டம்: முதலாவது பார்க்க, இரண்டாவது கை வைத்து மாற்ற, மூன்றாவது என்னவென்று கேட்டால் மகளுக்கே சரியாகத் தெரியவில்லை. எங்கள் புதுப் படங்களுக்கு மேல் வரிசையில் மட்டும் இரண்டு டிக் இருந்தது. கீழே இரண்டு வரிசையும் காலி.

"உன் பேத்தி லேப்டாப்புல பூட்டுப் போட்டு வச்சிருந்திருக்கா போல. மூட்டை கட்டினப்ப பூட்டும் கூடவே வந்திருக்கு" என்றாள் மகள்.

"அப்ப திறந்து வுடு."

"எதை?"

"எல்லாத்தையும்தான். ஊருக்குக் காட்டணும்னு கடை வச்சுட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா எவ வருவா? ஒன்பதுலயும் டிக் போடு. யாருக்கும் பாகுபாடு வேணாம்."

மகள் ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு ஒன்பதிலும் டிக் போட்டாள். உள்ளே இருப்பதற்கெல்லாம் சேர்த்து மாற்றவா என்று கேட்டது. படங்களுக்கு மட்டும் என்றால் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். அவள் எங்கள் பக்கம் இருக்கிற மொத்த இடத்துக்கும் ஆமாம் என்று அழுத்திவிட்டாள். ஒரு சக்கரம் சுற்றிச் சுற்றி நின்றது.

போனில் மறுபடி பக்கத்தைத் திறந்தாள். இப்போது பழைய படங்களும் இல்லை. போன் நம்பரும் இல்லை. பெரிய எழுத்தில் ஐநூறு என்று ஓர் எண்ணும் கீழே ஆங்கிலமும். எண்ணை நானே படித்தேன்.

"என்னது ஐநூறு?"

"எரர்மா. கடையே காணோம்."

அவள் குரல் உயரவில்லை. அவள் கோபப்பட்டால் குரல் இறங்கும், அவள் அப்பா மாதிரி. வாடகைக்கு இடம் கொடுத்தவர்களிடம் கேட்க லேப்டாப்பில் திறந்து வைத்திருந்த இடத்திலேயே ஓர் ஓரத்தில் எழுதலாம். எழுதினாள். யாரோ ஒருவர் பதில் எழுதினார். ஆங்கிலத்தில் வந்ததை அவள் மெதுவாகப் படித்து எனக்குத் தமிழில் சொன்னாள்.

"ஸ்வல்ப நேரம் காத்திருக்கச் சொல்றார்."

"எங்க உட்கார்ந்துட்டு எழுதறாராம்?"

"எனக்கென்ன தெரியும்? அமெரிக்காவா இருக்கும். பின்னாடி தெருவாவும் இருக்கும். பெங்களூர்ல இதே வேலை எத்தனை பேர் பார்க்குறாங்க."

"பின்னாடி தெருன்னா வந்து செஞ்சு குடுத்துட்டுக் காபி குடிச்சுட்டுப் போகச் சொல்லு."

"நீ சும்னே இரும்மா" என்று கன்னடம் கலந்து என்னை அடக்கினாள்.

பதில் வந்தது. உங்கள் பக்கத்தில் எவர் வேண்டுமானாலும் கை வைத்து மாற்றலாம் என்று விட்டிருக்கிறீர்கள். ஒரே கம்ப்யூட்டரில் பல பேர் இருப்பதால் அப்படி விட்ட பக்கத்தை நாங்கள் ஓட விடுவதில்லை. இதுதான் சாரம்.

நான் எழுந்து போய் அரிசி களைந்தேன்.

அடுகோடி வட்டாராவில் ஒரு குடும்பம் புதிதாக வந்தது. நல்ல மனுஷர்கள். யார் வந்தாலும் வா என்பார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இல்லாமல் கழற்றிவிட்டார்கள். பட்டறைக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம் அவர்கள் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு, அப்படியே வரிசையில் மற்ற வீடுகளையும் எட்டிப் பார்த்துக்கொண்டு போவான். கொடியில் காய்ந்த துணிகள் காணாமல் போயின. வீட்டுக்காரரிடம் போய், அந்த வீட்டைப் பூட்டு, இல்லாவிட்டால் நாங்கள் யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது என்று வரிசை முழுக்கச் சொன்னது. முன்னால் நின்று சத்தமாகச் சொன்னவள் நான்தான். வீட்டுக்காரர் தாழ்ப்பாள் போடுகிற வரைக்கும் அந்த வீட்டுக்கு வெளிப்பூட்டு போட்டார். இப்போது அதே வேலையை எங்கோ உட்கார்ந்திருக்கிறவர் என் மகளுக்குச் செய்திருக்கிறார். அவர் பேரில் எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

உலை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். எந்தக் கட்டத்தில் டிக் வேண்டும் என்பதை வரிசைக்கு ஓர் இலக்கமாகச் சுருக்கி, மகளுக்கு இரண்டு எண்கள் எழுதி அனுப்பியிருந்தார்கள். ஏழு ஐந்து ஐந்து, ஆறு நான்கு நான்கு. ஒன்று ஃபோல்டருக்கு, ஒன்று உள்ளே இருக்கிற ஃபைலுக்கு. அவசரத்தில் மகள் ஆறு நான்கு நான்கை எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டாள். ஐநூறு போனது. ஆனால் இப்போது எதைத் தொட்டாலும் பார்க்கக் கூடாது என்று வந்தது. முன்பு புதுப் படங்களுக்கு மட்டும் சொன்னதை இப்போது மொத்தத்துக்கும் சொன்னது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. சிவாஜிநகர். மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். நான் வாங்கினேன்.

"அம்மா, வணக்கம்மா. சம்பந்தியம்மா வந்தாச்சு. காபி குடிச்சுட்டிருக்காங்க. இப்ப படத்தையெல்லாம் பார்த்துடலாமா?"

எனக்கு எதிரே சுவரில் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாருங்கம்மா. ஆனா இன்னிக்கு வெள்ளிக்கிழமை. இன்னும் கொஞ்ச நேரத்துல ராகு காலம் ஆரம்பிக்குது. கல்யாணச் சீர் பார்க்குறீங்க. பார்த்துட்டிருக்கிறப்பவே நடுவுல வந்துடும்."

"அய்யோ, ஆமால்ல! எனக்கு ஞாபகமே இல்ல பாருங்க. நல்ல வேளை சொன்னீங்கம்மா. சம்பந்தியம்மா இதெல்லாம் ரொம்பப் பார்ப்பாங்க. முடிஞ்சதும் பார்க்கிறோம்."

போனை வைத்தேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராகுவையே வேலைக்கு வச்சுட்டியேம்மா."

"நான் பொய்யா சொன்னேன்? காலண்டர்ல இருக்கு, வேணும்னா பாரு."

"சரி, ராகு காலத்துல நான் மட்டும் இதைப் பண்ணலாமா?"

"புதுசா ஆரம்பிக்கத்தான் கூடாது. நீ காலையிலயே ஆரம்பிச்சுட்டே. இது ரிப்பேர்தான். பண்ணு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து முதல் சிரிப்பு.

மறுபடி எழுதினாள். இந்தத் தடவை வேறு ஆள். மெதுவாக, ஒவ்வொரு வரியாக எழுதினார். மகள் படித்தாள், யோசித்தாள், இன்னொரு தடவை படித்தாள். பிறகு லேப்டாப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். எனக்குச் சொல்வது மாதிரி அவளே அவளுக்குச் சொல்லிக்கொண்டாள்.

"தட்டுக்குக் கண்ணாடித் தாள் எதுக்கும்மா சுத்துறோம்?"

"எல்லாரும் பார்க்கணும், எவனும் நோண்டக் கூடாது."

"அதான் இந்த ஆறு நாலு நாலு. நம்ம வீட்டு ஆளு பிரிச்சுத் திருத்தலாம். மத்தவங்க பார்க்க மட்டும். படங்களுக்கு அது போதும். ஆனா ஃபோல்டர் தட்டு இல்லம்மா, மண்டபம். அந்த மூணாவது கட்டம் என்னன்னு கேட்டியே, அது மண்டபத்துக்குள்ள நுழையறதுக்கு. நான் தட்டுக்குக் கண்ணாடித் தாளும் சுத்திட்டு மண்டபத்துக் கதவையும் சாத்திட்டேன். வெளியே நின்னுட்டு எப்படிப் பார்ப்பாங்க?"

எனக்குப் புரிந்தது. கல்யாண மண்டபத்தில் சீர் பரப்பி வைத்துவிட்டால் நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். முதலமைச்சர் வந்தாலும் பார்க்க மட்டும்தான் விடுவேன். எவர் வீட்டுக் குழந்தையாவது விரலால் தாளைக் குத்தினால் என் சத்தத்தில் நாதஸ்வரம் நின்றுவிடும். அப்படிப்பட்டவள்தான் காலையில் ஒன்பது கட்டத்திலும் டிக் போடச் சொன்னேன். மகள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

முதலில் ஃபோல்டர்களுக்கு மட்டும் என்று தேர்ந்தெடுத்து ஏழு ஐந்து ஐந்து போட்டாள். சக்கரம் சுற்றியது. அடுத்து ஃபைல்களுக்கு மட்டும் என்று தேர்ந்தெடுத்து ஆறு நான்கு நான்கு போட்டாள். மறுபடி சக்கரம். நான் குக்கரை இறக்கினேன். லேப்டாப்பில் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் என் போனில் திறந்தால் இன்னும் அதே வெள்ளைப் பக்கம்.

"உன் போன் பழசையே நினைச்சுட்டிருக்கு" என்று வாங்கி எதையோ அழித்தாள். திரும்பக் கொடுத்தாள்.

மயில் வந்தது. முதலில் தலை, பிறகு கழுத்து, பிறகு வெற்றிலைத் தோகை முழுக்க. அதன் கீழே தேங்காய்ப் பொண்ணும் மாப்பிள்ளையும். அதன் கீழே தாமரைப் புடவை. நான் விரலால் தள்ளித் தள்ளிக் கடைசி வரை பார்த்தேன். எல்லாம் என் வீட்டுக் கூடத்தில் நான் பார்த்துப் பார்த்துச் செய்ய வைத்த தட்டுகள்தான். இருந்தும் புதிதாகப் பார்ப்பது மாதிரி இருந்தது.

ராகு காலம் முடிந்தது. அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உண்மையான ராகு காலம். அவரைக்காய்க் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் தட்டில் சோறு போட்டுக்கொள்ளவில்லை. மகள் காலை நீட்டி உட்கார்ந்து கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கார்மெண்ட்ஸ் அடையாள அட்டை கதவுக் கொக்கியில் தொங்கியது. அவள் அதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நானும் பார்க்கிறேன் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.

போன் வந்தது. பேசியது சம்பந்தியம்மா. கனத்த குரல்.

"ராகு காலம் சொன்ன அம்மா யாரு?"

"நான்தாம்மா."

"நல்ல காரியம் பண்ணீங்க. இவங்க அவசரத்துல ஆரம்பிச்சிருப்பாங்க. சரி, ஒண்ணு கேட்கிறேன். போட்டோல இருக்கிற மாதிரியே நேர்லயும் வருமா, இல்ல போட்டோ மட்டும்தான் அழகா?"

"மண்டபத்துல நேர்ல பாருங்க. தொடாம பாருங்க."

"தொட்டா?"

"தொட்டா கையில அடி விழும். சம்பந்தியம்மான்னு எல்லாம் பார்க்க மாட்டேன்."

 மகள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். பிறகு அந்த அம்மா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

"எங்க வீட்டுல நானும் அப்படித்தான். மொத்தத் தட்டும் நீங்களே பண்ணிடுங்க. அந்த மயிலுக்கு மட்டும் தோகை இன்னும் கொஞ்சம் பெருசா வேணும்."

"பெருசா வச்சுடலாம்" என்றேன். மகளைக் கேட்காமலே சொன்னேன். அவள் தலையை வேக வேகமாக ஆட்டிக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவள் சூப்பர்வைசருக்குப் போன் செய்தாள். "சோமவார பரல்ல சார்" என்றாள் கன்னடத்தில். திங்கட்கிழமை வரமாட்டேன் என்று. அவர் என்ன சொன்னாரோ, "இல்ல சார், கால் பரவால்ல, வேற கெலசா கிடைச்சிருக்கு" என்று வேறு வேலை கிடைத்ததைக் கன்னடமும் தமிழுமாகச் சொல்லிவிட்டு வைத்தாள். அடையாள அட்டையைக் கொக்கியிலிருந்து எடுத்து பீரோ இழுப்பறையில் போட்டாள். தூக்கி எறியவில்லை. அது சரிதான்.

சாயங்காலம் பேத்தி பரீட்சை முடிந்து வந்தாள். நடந்ததைக் கேட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

"மூட்டை நான் கட்டினது, என் தப்பு. ஆனா ஒன்பதுலயும் டிக் போட்டு எல்லாத்துக்கும் ஏழு ஏழு ஏழு ஆக்கிட்டியாம்மா? எல்லாரும் முதல்ல இதைத்தான் பண்ணாதீங்கன்னு சொல்வாங்க. யாரு அப்படிப் போடச் சொன்னது?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லல. கை தவறிடுச்சு" என்றாள் மகள்.

அதை இப்போது நானே சொல்லிவிட்டேன். அடித்துக்கொண்டிருந்த பேத்தி கையை நிறுத்திவிட்டு, "ஓ, நீதானா!" என்றாள். நானேதான். அந்த மூன்றாவது கட்டம் என்னவென்று தெரியாமலே போடச் சொன்னேன். இனி தெரியும். கல்யாணம் நல்லபடியாக நடந்தது, தோகை பெரிதாகவே வந்தது, ஒரு குழந்தையின் கையில் ஓர் அடியும் விழுந்தது. சம்பந்தியம்மா பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு என்னோடு காவல் உட்கார்ந்தார். அதெல்லாம் வேறு.

இதை எங்கள் பக்கத்திலேயே போடலாம், தட்டுப் படங்களுக்குக் கீழே, என்கிறாள் பேத்தி.

"இதுக்கு என்ன பர்மிஷன் போடட்டும் ஆயா?"

"யாரு வேணும்னாலும் பார்க்கட்டும். கை வைக்கிறது நாம மட்டும்."

"நாமன்னா?"

"நானும், என் கை மாதிரி நீயும். உங்கம்மா ஏதாவது திருத்தணும்னு வந்தா என்னைக் கேட்கச் சொல்லு. சரி, போடறதுக்கு முன்னாடி முதல்லேர்ந்து ஒரு தடவை படி, கேட்கிறேன். ஓடாதே, மெதுவா படி. நான் சொல்லாதது ஏதாவது இருந்துச்சுன்னா தெரியும் சேதி."